நாயைக் கண்ணால் எடை போடலாமா?

காலை 6 மணி. பெங்களூரின் தொம்மலூர். சொக்கநாதர் கோயில் உள்ள பழைய ஊர் இது. இன்று கோயிலைச் சுற்றிப் பெரிய வீடுகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. அந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் சிலருக்கு நாயைக் கவனிப்பதும் ஒரு வேலை.

இரண்டு பெண்கள் இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒன்று முதோல் நாய். உயரமானது. வயிறு ஒட்டி இருக்கிறது. விலா எலும்பு இலேசாகத் தெரிகிறது. மற்றொன்று லாப்ரடார். கொழுகொழு என்று இருக்கிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

“என்னக்கா, இதுக்கு உங்க வீட்டுல சோறே போட மாட்டாங்களா?” என்று இளையவள் கேட்கிறாள்.

“என்னம்மா செய்யறது? இரண்டு வேளையும் நான்தான் போடறேன். பார்க்கிறவங்க எல்லாரும் என்னையே கேட்கிறாங்க. உன் நாய் பாரு, எப்படி இருக்கு!” என்கிறார் மூத்தவர்.

இளையவள் இரக்கப்பட்டு, கையில் இருந்த பன்னை முதோல் நாய்க்குக் கொடுக்கிறாள்.

இருவரும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அவர்கள் நினைத்தது சரியா? இல்லை. மெலிந்த நாய் நலமாக இருக்கிறது. பருத்த நாய்க்குத்தான் கவனிப்பு வேண்டும்.

இனத்துக்கு ஒரு உடல்

கறவை மாட்டைப் பாருங்கள். இடுப்பு எலும்பு தூக்கலாகத் தெரியும். வண்டி மாட்டுக்கு அப்படித் தெரியாது. அதற்காகக் கறவை மாடு பட்டினி கிடக்கிறது என்று சொல்வோமா? நாய்களும் அப்படித்தான்.

முதோல், கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஊர். அந்த ஊரின் பெயரே நாய்க்கும் வந்தது. முயலைத் துரத்தி ஓடிய வேட்டை நாய் இது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இதே வகைதான். ஓடுவதற்கென்றே அமைந்த உடல். நெஞ்சு ஆழமாக இருக்கும். இடுப்பு சிறுத்திருக்கும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிந்தால் குற்றமில்லை. ஆனால் தொடையில் கெட்டியான சதை இருக்க வேண்டும்.

ராஜபாளையம் நாய் இவற்றைவிடக் கனமானது. அதற்கும் இடுப்பு ஒடுங்கித்தான் இருக்கும். முதோல், ராஜபாளையம் இரண்டின் படத்தையும் போட்டு இந்தியத் தபால் துறை 2005-ல் தபால்தலை வெளியிட்டது.

லாப்ரடார் அகன்ற உடம்புக்காரன். இதற்கு எலும்பு வெளியே தெரியக்கூடாது. தொட்டால் தெரிய வேண்டும். அதற்கும் இடுப்பு உண்டு. பீப்பாய் போல இருந்தால் அது கொழுப்பு.

பொமரேனியன் நாயை முடி மூடிக்கொண்டிருக்கும். உள்ளே மெலிந்திருந்தாலும் தெரியாது. பருத்திருந்தாலும் தெரியாது. குளிப்பாட்டும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கையால் பாருங்கள்

நாயின் நலத்தைக் கையால் அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. முதலில் உங்கள் கையைத் தொட்டுப் பழகுங்கள்.

கையை இறுக மூடுங்கள். விரல் கணுக்களைத் தடவுங்கள். எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். நாயின் விலா இப்படி இருந்தால் அது மெலிந்துவிட்டது.

கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு தெரியும். மேலே மெல்லிய தோலும் இருக்கும். விலா இப்படி இருந்தால் சரியான உடல்.

உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதையை அழுத்துங்கள். எலும்பு தட்டுப்படாது. விலா இப்படி இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது.

பிறகு நாயை மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கத்தில் இருந்து பாருங்கள். வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏற வேண்டும்.

கால்நடை மருத்துவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் மிகப் பருமன். பெரும்பாலான நாய்களுக்கு 4 அல்லது 5 சரியானது.

கொழுப்பு ஆயுளைக் குறைக்கும்

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்தார்கள். ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். ஆயுள் முழுவதும் இப்படியே கொடுத்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

“தட்டை நக்கிவிட்டு என் முகத்தையே பார்க்கிறதே, பாவம்” என்று சிலர் சொல்வார்கள். லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருக்கிறது. அதனால் எப்போதும் தீனியின் மேலேயே அதற்கு நாட்டம் இருக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைக் கண்டறிந்தார்கள். ஆகவே கெஞ்சும் கண்ணை நம்பி அளவைக் கூட்டக்கூடாது.

என்ன செய்யலாம்?

தினமும் ஒரே டம்ளரால் அளந்து போடுங்கள். அம்மா ஒரு பிஸ்கட், தாத்தா ஒரு பிஸ்கட், பிள்ளை ஒரு பிஸ்கட் என்று கொடுத்தால் அதுவும் கணக்கில் சேரும்.

மாதம் ஒரு முறை எடை பாருங்கள். சிறிய நாயானால் வீட்டிலேயே பார்க்கலாம். நீங்கள் 50 கிலோ. நாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் 59 கிலோ. அப்படியானால் நாய் 9 கிலோ. பெரிய நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பருத்த நாயைத் திடீரென்று பட்டினி போடாதீர்கள். மருத்துவரைக் கேட்டுச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

நன்றாகத் தின்றும் நாய் மெலிந்தால் அது நோயின் அடையாளம். குட்டிக்கு விலா தெரிந்து வயிறு மட்டும் உப்பி இருந்தால் வயிற்றில் பூச்சி இருக்கலாம். பூச்சி மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

தெரு நாயைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். தள்ளி நின்று பாருங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நாயை நடத்திச் செல்பவருக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும். மூன்று மாடி ஏறிய நாய் இன்று முதல் மாடியிலேயே உட்காருகிறதா? வேலை செய்யும் வீடுதானே என்று சும்மா இருக்க வேண்டாம். வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் கையையும் பிடித்து நாயின் விலாவில் வையுங்கள். அவருக்கும் புரியும்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. முதோல் நாய்க்கு விலா எலும்பு தெரிந்தால் அது பட்டினி கிடக்கிறது என்று சொல்லலாமா?
2. உங்கள் தெருவில் உள்ள வளர்ப்பு நாய்களில் எதற்கு இடுப்பு தெரிகிறது? எதற்குத் தெரியவில்லை?
3. ஒருவர் 47 கிலோ. நாயுடன் நின்றால் 54 கிலோ. நாயின் எடை என்ன?