சாப்பிட மறுக்கும் லெப்பர்டு கெக்கோ... மலைக்குளிரில் முதலில் கவனிக்க வேண்டியது என்ன?

பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கத்தை எடுத்துப் பலன் பார்த்த வீடுகளில், இன்று கண்ணாடித் தொட்டி வைத்துப் பல்லி வளர்க்கிறார்கள் பிள்ளைகள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு, சிரிப்பதுபோன்ற முகத்தோடு இருக்கும் லெப்பர்டு கெக்கோதான் அவர்களின் செல்லம். நன்றாகப் பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆனால், ஒருநாள் திடீரென்று பூச்சியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

குன்னூரை அடுத்த ஜெகதளா போன்ற மலையூர்களில் இந்தப் பிரச்னைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது, குளிரைத்தான்.

வெப்பம் இல்லையேல் செரிமானம் இல்லை

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலம்தான் இதன் பூர்வீகம். நம்மைப்போல உடலுக்குள்ளேயே போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள இதனால் முடியாது. தரையின் சூடு வயிற்றில் பட்டால்தான் தின்றது செரிக்கும். சூடு குறைந்தால் பசியும் அடங்கிவிடும். குளிரில் கட்டாயப்படுத்தி ஊட்டினால், இரை செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு.

எனவே தொட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24 முதல் 26 டிகிரி இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட்டிங் பேடைத் தெர்மோஸ்டாட்டோடு இணைப்பது அவசியம். இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்காமல், டிஜிட்டல் தெர்மாமீட்டரைத் தரையில் வைத்து அளக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கரன்ட் போனால், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியை ஒட்டி வைக்கலாம். கதவை அடைத்துக் கரி அடுப்பு மூட்டுவது மட்டும் கூடவே கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பல்லியோடு சேர்த்து மனிதர்களின் உயிரையும் பறித்துவிடும்.

வேறு என்ன காரணங்கள்?

* புது இடம்: வாங்கி வந்த முதல் ஒன்றிரண்டு வாரங்கள் மிரட்சியில் சாப்பிடாது. அடிக்கடி கையில் எடுக்காமல், ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள்.

* தோல் உரித்தல்: உடம்பு வெளிறினால் தோல் உரிக்கப்போகிறது என்று அர்த்தம். ஈரப் பஞ்சோ பாசியோ வைத்த சிறு டப்பா ஒன்று உதவும். விரல் நுனிகளில் பழைய தோல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

* இனப்பெருக்கக் காலம்: ஆணும் பெண்ணும் அந்த நாள்களில் இரையைக் குறைத்துக்கொள்வது உண்டு.

* மணல்: இரையோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைபடலாம். மணலுக்குப் பதில் டிஷ்யூ பேப்பரோ டைல்ஸோ போதும்.

இரையில் கவனம்

இது பூச்சி மட்டுமே தின்னும். காய், பழம், சோறு வேண்டாம். பூச்சியின் அளவு, கெக்கோவின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. கால்சியம் பொடியும் வைட்டமின் டி3-யும் தூவிக் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்து பட்டதாக இருக்கலாம். மின்மினி இதற்கு விஷம். பொழுது சாய்ந்த பிறகு இரை கொடுங்கள். அதுதான் இது வேட்டையாடும் நேரம். மிஞ்சிய பூச்சிகளைத் தொட்டியில் விட்டுவைத்தால், அவை கெக்கோவையே கடிக்கும்.

வாலைப் பாருங்கள்

கெக்கோவின் சேமிப்புக் கிடங்கு அதன் வால்தான். கொழுப்பெல்லாம் அங்கேதான் இருக்கும். வால் தடிமனாக இருக்கும் வளர்ந்த கெக்கோ, 10 நாள்கள் சாப்பிடாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். குட்டிகளுக்கு அந்த அவகாசம் கிடையாது; சில நாள்களிலேயே துவண்டுவிடும்.

சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். 60 கிராம் இருந்தது 54 கிராமாகக் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், காத்திருக்க வேண்டாம். வால் மெலிவது, கண் குழி விழுவது, வாய் வீங்குவது, வயிற்றுப்போக்கு, கால் வளைவது ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகள். குடல் ஒட்டுண்ணியா என்பதை மலப் பரிசோதனையில்தான் கண்டறிய முடியும். எனவே, புதிதாகப் போட்ட எச்சத்தையும் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. மலையிறங்கும் முன்பே போனில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. எந்த மருத்துவரிடம் போவது என்பதை, கெக்கோ நன்றாகச் சாப்பிடும்போதே தேடி வைத்துவிட்டால், அவசரத்தில் அலைய வேண்டியிருக்காது.