எத்தியோப்பியாவில் மெக்கானே யேசுஸ் திருச்சபையின் வளர்ச்சி: தாய்மொழியும் உள்ளூர்த் தலைமையும்

ஆய்வுச்சுருக்கம்

எத்தியோப்பிய மெக்கானே யேசுஸ் நற்செய்தித் திருச்சபை 1959இல் ஏறத்தாழ 20,000 உறுப்பினர்களுடன் தொடங்கப்பெற்றது. இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தன்னைச் சார்ந்துள்ளனர் என அத்திருச்சபை கணக்கிடுகிறது. உலக லூத்தரன் அமைப்பின் உறுப்புத் திருச்சபைகளுள் மிகப் பெரியனவற்றில் இதுவும் ஒன்று. அயல்நாட்டு மிஷனெரிகளின் பணியைக் கொண்டு மட்டும் இவ்வளர்ச்சியை விளக்க இயலாது என்பதையும், ஒரோமோ மொழிபெயர்ப்பு, உள்ளூர்த் தலைமை, ஒடுக்குமுறைக் காலத்தில் தாங்கிநின்ற சபை அமைப்பு ஆகியவற்றின் பங்கையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எத்தியோப்பியா, ஒரோமோ, விவிலிய மொழிபெயர்ப்பு, ஒனேசிமோஸ் நெசீப், குதினா தும்சா, தெர்க் ஆட்சி.

முன்னுரை

எத்தியோப்பியாவுக்குக் கிறித்தவம் புதிய சமயமன்று. கி.பி. நான்காம் நூற்றாண்டில் அக்சூம் அரசன் ஏசானா காலத்திலேயே அது அரச சமயமாயிற்று. வைதிகத் திருச்சபை பல நூற்றாண்டுகளாக அரியணையோடு இணைந்து வளர்ந்தது. அதன் வழிபாட்டு மொழி கீஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் மெனெலிக் தெற்கிலும் மேற்கிலும் ஒரோமோ முதலிய மக்களின் நிலங்களைப் பேரரசோடு இணைத்தபோது, வடக்கிலிருந்து சென்ற படைவீரர்களும் அதிகாரிகளும் அங்கு நிலவுடைமையாளர் ஆயினர். உழவர் பலர் அவர்களுக்கு வரியும் உழைப்பும் செலுத்தும் குடிகளாயினர். வைதிகத் திருச்சபையும் ஆள்வோரோடு அங்குச் சென்றது. எனவே இம்மக்களுள் பலருக்குக் கிறித்தவம் ஆள்வோரின் சமயமாகவே முதலில் தோன்றியது. இந்தப் பின்னணியை விடுத்து மெக்கானே யேசுஸ் திருச்சபையின் வளர்ச்சியைப் புரிந்துகொள்வது கடினம்.

மொழிபெயர்ப்பும் அடிமை மீட்பும்

சுவீடன் நாட்டு நற்செய்தி மிஷன் 1866இல் செங்கடற்கரைத் துறைமுகமான மசாவாவை அடைந்தது. ஒரோமோ மக்களிடம் செல்வதே அதன் நோக்கம். ஆனால் உள்நாட்டுக்குச் செல்லும் வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. அவ்வழியைத் திறந்தோர், அடிமைகளாகக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரோமோ மக்களே. சிறுவயதில் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட ஒருவர் 1870இல் மசாவாவில் விடுவிக்கப்பட்டு, மிஷன் பள்ளியில் சேர்க்கப்பட்டார். 1872இல் திருமுழுக்குப் பெற்ற அவருக்கு, பவுலடியாரின் திருமுகத்தில் வரும் அடிமையின் பெயரான ஒனேசிமோஸ் சூட்டப்பெற்றது. பிற்காலத்தில் அவர் சுவீடனில் ஐந்தாண்டுகள் பயின்றார்.

ஒனேசிமோஸ் நெசீப் 1893இல் புதிய ஏற்பாட்டையும் 1899இல் முழு விவிலியத்தையும் கீஸ் எழுத்தில் ஒரோமோ மொழியில் வெளியிட்டார். இளமையிலேயே தாய்நிலத்தை விட்டுப் பிரிந்த அவருக்குச் சொல்வளம் குறைவாக இருந்தது. அக்குறையை நிறைத்தவர் ஆஸ்தர் கன்னோ. 1886இல் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட இப்பெண், தம் நினைவிலிருந்து சொற்பட்டியலையும், கதைகள், பழமொழிகள், பாடல்கள் ஆகியவற்றையும் தொகுத்தளித்தார். இவற்றுள் ஒரு பகுதி 1894இல் வெளிவந்த ஒரோமோ வாசிப்பு நூலில் இடம்பெற்றது. மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறிக்க, ஒரோமோ மக்கள் தொன்றுதொட்டு வழங்கிய ‘வாக்கா’ என்னும் சொல்லின் வழிவந்த ‘வாக்காயோ’ என்ற பெயரே ஆளப்பட்டது. முன்னோர் அழைத்த பெயராலேயே கடவுளை அழைக்கலாம் என்ற நிலை, புதிய சமயத்திற்கும் பழைய மரபிற்கும் இடையேயான தொலைவைக் குறைத்தது எனலாம்.

1904இல் ஒனேசிமோஸ் வொல்லேகா பகுதிக்குத் திரும்பி, நெக்கெம்தேயில் பள்ளி நடத்தினார். மக்கள் மொழியில் போதித்தமை வைதிகக் குருமாரின் எதிர்ப்பைத் தூண்டியது. 1906இல் அவர் மீது குற்றச்சாட்டு அரசவை வரை சென்றது. போதனை தடைசெய்யப்பட்ட நிலையிலும் கல்விப் பணி தொடர்ந்தது. அவர் 1931இல் மறைந்தார்.

மிஷனெரிகள் இல்லாத ஆண்டுகள்

1936 முதல் 1941 வரையிலான இத்தாலிய ஆக்கிரமிப்பின்போது மிஷனெரிகள் பெரும்பாலோர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. சபைகளை நடத்தும் பொறுப்பு உள்ளூர் நம்பிக்கையாளர்களிடம் வந்தது. தெம்பி தொல்லோ பகுதியில், சிறுவயதில் அம்மையால் பார்வையிழந்த கிதாதா சோலேன் சபைகளைக் கட்டியெழுப்பியது இதற்குத் தக்க சான்று. மிஷனெரிகள் திரும்பி வந்தபோது, தலைமை தாங்கப் பழகிய ஒரு தலைமுறையைக் கண்டனர்.

பேரரசர் ஹைலி செலாசியின் அரசு 1944இல் பிறப்பித்த மிஷன் ஆணை, அயல்நாட்டு மிஷன்கள் பணிபுரியத்தக்க பகுதிகளை வரையறுத்தது. பயிற்றுமொழி அம்காரிக் என்றும் விதித்தது. இதனால் ஒரோமோ எழுத்து வழக்கு பின்னடைந்தது. ஆகவே அச்சிட்ட மொழிபெயர்ப்பு ஒன்றே வளர்ச்சிக்குக் காரணம் எனக் கூறுதல் மிகையாகும். ஆணையின் வரம்புகள் அயல்நாட்டாருக்கே உரியவை. உள்ளூர்ப் போதகர் தம் ஊர்மக்களிடம் தம் மொழியிலேயே பேசினர்.

1944இலேயே நற்செய்திச் சபைகளின் பொது மாநாடும் கூடியது. அது தொடங்கிவைத்த உரையாடலின் ஒரு விளைவாக 1959 சனவரி 21 அன்று மெக்கானே யேசுஸ் தேசியத் திருச்சபையாக உருப்பெற்றது. இப்பெயருக்கு ‘இயேசுவின் உறைவிடம்’ என்பது பொருள். கிதாதா சோலேன் பணிபுரிந்த பெத்தேல் மரபுச் சபைகள் 1974இல் இதனோடு இணைந்தன.

அருளுரையும் வாழ்வு மேம்பாடும்

1962இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம், சபையில்லாத ஊர்களிலும் திருச்சபையை அறிமுகப்படுத்தியது. எனினும் மேலைநாட்டு நிறுவனங்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நிதி வழங்க முன்வந்த அளவிற்கு, போதகர் பயிற்சிக்கும் சபைப் பணிக்கும் முன்வரவில்லை. 1972இல் இத்திருச்சபை உலக லூத்தரன் அமைப்புக்கு அனுப்பிய மடல் இப்பிரிவினையைக் கேள்விக்குட்படுத்தியது. மனிதரின் உடல் தேவையையும் ஆன்மத் தேவையையும் கூறுபோட இயலாது என்பதே அம்மடலின் வாதம். உதவி பெறும் திருச்சபை, உதவி வழங்குவோரின் இறையியலைத் திறனாய்வு செய்தமை குறிப்பிடத்தக்கது.

ஒடுக்குமுறைக் காலம்

1974 புரட்சியை அடுத்து அமைந்த தெர்க் ஆட்சியின் நிலச் சீர்திருத்தத்தைத் திருச்சபையினர் பலர் வரவேற்றனர். ஆனால் ஆட்சி சமய அமைப்புகளைத் தன் பிடிக்குள் கொணர முயன்றபோது மோதல் உருவாயிற்று. 1977இல் லூத்தரன் அமைப்பின் வானொலி நிலையம் கைப்பற்றப்பட்டது. பொதுச் செயலராக விளங்கிய குதினா தும்சா, நாட்டை விட்டு வெளியேறக் கிடைத்த வாய்ப்பை மறுத்தார். 1979 சூலை 28 அன்று அவர் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்தம் துணைவியார் சேஹாய் தொலேசா ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிறையில் வாடினார். குதினாவின் உடல் எச்சங்கள் ஆட்சி வீழ்ந்தபின் 1992இல்தான் கண்டெடுக்கப்பட்டன.

மேற்குப் பகுதிகளில் பல ஆலயங்கள் மூடப்பட்டன. எனினும் வழிபாடு வீடுகளுக்குள் தொடர்ந்தது. குருவும் கட்டடமும் இன்றிச் செயற்படும் பழக்கம் 1930களிலேயே இச்சபைகளுக்கு ஏற்பட்டிருந்தது. 1991க்குப் பின் தடைகள் நீங்கியபோது வளர்ச்சி வெளிப்படையாகத் தெரிந்தது. அரசுக் கணக்கெடுப்பின்படி, எல்லாச் சீர்திருத்தச் சபையினரையும் சேர்த்து அவர்தம் பங்கு 1994இல் மக்கள்தொகையில் 10.2 விழுக்காடாகவும் 2007இல் 18.6 விழுக்காடாகவும் இருந்தது.

முடிவுரை

மெக்கானே யேசுஸ் திருச்சபையின் வரலாற்றில், அயல்நாட்டு உதவி குறைந்த காலங்கள் தளர்ச்சிக் காலங்களாக அமையவில்லை; உள்ளூர்ப் பொறுப்பு பெருகிய காலங்களாகவே அமைந்தன. மிஷன் பள்ளியும் அச்சகமும் தொடக்கத்திற்கு உதவின. ஆனால் அங்கு உருவான நூலுக்குச் சொல் வழங்கியோர் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள். அச்சொல்லை ஊர்தோறும் கொண்டுசென்றோர் உள்ளூர் மக்கள். ஆகவே ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் வரலாற்றை மிஷன் ஆவணங்களிலிருந்து மட்டும் எழுதுவது, அவ்வரலாற்றை உருவாக்கியோரையே விட்டுவிடுவதாகும். ஆஸ்தர் கன்னோ போன்றோரின் பங்களிப்பு மொழிபெயர்ப்பு வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது.