ஒரு கிலோ பருப்பு செய்த வேலை!

"டாக்டர், நீங்க சித்த வைத்தியர். தடுப்பூசி பத்தி உங்ககிட்ட கேட்கலாமா?" கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் தயங்கினார்.

"தாராளமா கேளுங்கம்மா" என்றேன். குழந்தைக்கு இரண்டு தவணை போட்டதோடு சரி. மூன்றாவது தவணைக்குப் போகவே இல்லை.

"ஏம்மா?"

"போன தடவை காய்ச்சல் வந்துச்சு. அவருக்கும் லீவு கிடைக்கலை. அப்படியே தள்ளிப் போயிடுச்சு."

இந்த 'அப்படியே தள்ளிப் போவது'தான் பெரிய எதிரி! இதற்கு ராஜஸ்தானில் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தின் பெயர், பருப்பு!

தட்டும் பருப்பும்

உதய்ப்பூர் மாவட்ட கிராமங்களில் 2004 முதல் 2007 வரை நடந்த ஆய்வு இது. சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும், பின்னாளில் (2019) நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் குழுவும் சேர்ந்து நடத்தினார்கள். சில ஊர்களில் மாதந்தோறும் தவறாமல் தடுப்பூசி முகாம். வேறு சில ஊர்களில் முகாமோடு, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிலோ பருப்பு. எல்லாத் தவணையும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டு செட்!

விளைவு? எதுவும் செய்யாத ஊர்களில் முழுமையாகத் தடுப்பூசி முடித்த குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18. பருப்பும் தந்த ஊர்களில் 39!

முதல் ஊசிக்கு இரண்டு வகை முகாமுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தார்கள். கடைசி வரை வந்ததில்தான் வித்தியாசம். செலவு கூடியிருக்குமே என்கிறீர்களா? ஒரு குழந்தைக்கு முழுசாகப் போட்டு முடிக்க ஆன செலவு பாதியாகக் குறைந்தது! ஐந்து பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் நர்ஸ் சம்பளம் ஒன்றுதானே.

டாக்டருக்குப் பரிசு தந்தால்?

பிரிட்டனில் அதையும் செய்தார்கள். 1990-ல், தன்னிடம் பதிவு செய்த குழந்தைகளில் 70 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி முடித்த குடும்ப டாக்டருக்குச் சிறிய தொகை, 90-ஐ எட்டினால் பெரிய தொகை. 85 வந்தாலும் சிறியதுதான்! விட்டுப்போன குழந்தைகளைத் தேடிப் பிடிக்க இது ஒரு தூண்டுகோல். தடுப்பூசி அளவும் ஏறியது. ஆனால் அது ஏற்கெனவே ஏறிக்கொண்டுதான் இருந்தது. எனவே முழுப் பெருமையையும் பணத்துக்கே தந்துவிட முடியாது.

பருப்பு தந்தும் உதய்ப்பூரில் 61 சதவீதம் குழந்தைகள் முடிக்கவில்லையே! பரிசு, சோம்பலை விரட்டும். பயத்தை விரட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும்.

அந்தத் தாயிடம் பேசினேன். "ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் லேசான காய்ச்சல் சகஜம். தாய்ப்பால் கொடுங்க. காய்ச்சல் அதிகமானா, குழந்தை சோர்ந்து போனா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. தவணை தள்ளிப் போச்சேன்னு மறுபடி முதல்லேருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்துலேருந்தே போடலாம். என் கஷாயம் எதுவும் தடுப்பூசிக்கு ஈடாகாது, தாயே!"

உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பாருங்களேன்!