கையெழுத்து உங்களுடையது

கனடாவுக்குப் படிக்கப் போக விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலர், படிப்பின் நோக்கத்தை விளக்கும் கடிதமான எஸ்.ஓ.பி.யைக் கட்டுரைப் போட்டிக்கு எழுதுவதாகவே நினைக்கிறார்கள். ஏஜெண்ட் அலுவலகங்கள் சிலவும் அதை அப்படித்தான் விற்கின்றன: ஏற்கெனவே 'பாஸ்' ஆன ஒன்றில் பெயரையும் கல்லூரியையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் விசா அதிகாரி அதில் நடையழகைத் தேடுவதில்லை. அனுமதித்த காலம் முடிவதற்குள் இவர் கிளம்பிவிடுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்கிறது அந்நாட்டுக் குடிவரவு ஒழுங்குமுறையின் 216ஆவது விதி. கேட்டதற்கெல்லாம் உண்மையே சொல்ல வேண்டும் என்கிறது குடிவரவுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. ஆகவே எஸ்.ஓ.பி. ஒரு வாக்குமூலம். அதை வாடகைக்கு எடுக்க முடியாது.

அதே சட்டத்தின் 40ஆவது பிரிவு, முக்கியமான விவரத்தைத் திரித்தாலோ மறைத்தாலோ 5 ஆண்டுகள் அந்நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கிறது. வேறொரு நாடு விசா மறுத்ததைச் சொல்லாமல் விடுவதும் இதில் அடங்கலாம். 'எழுதியது ஏஜெண்ட், எனக்குத் தெரியாது' என்ற வாதம் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. 2023இல் வெளிவந்த போலி ஆஃபர் லெட்டர் விவகாரத்தில், ஏஜெண்ட் கொடுத்த காகிதத்துக்காக நாடுகடத்தலின் விளிம்பில் நின்றவர்கள் இந்திய மாணவர்கள்தான். ஏமாற்றப்பட்டவர்களைத் தனித்தனியாக விசாரித்துக் காப்பதாகக் கனடாவின் குடிவரவு அமைச்சர் அறிவிக்கும் வரை அவர்கள் தெருவில் போராட வேண்டியிருந்தது.

'எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, அதிகாரிக்கு என்ன பிடிக்கும் என்பது ஏஜெண்டுகளுக்குத்தானே தெரியும்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிழை திருத்த யாருடைய உதவியையும் பெறலாம், தப்பில்லை. விவரம் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மெக்கானிக்கல் முடித்து நான்கு வருடம் வேலை பார்த்தவர் இப்போது ஏன் மேலாண்மை டிப்ளமோவுக்குப் போகிறார்? அரியர் வைத்த இரண்டு வருடம் என்ன ஆயிற்று? கணக்கில் திடீரென விழுந்த பதினைந்து லட்சம் நிலம் விற்றதா, கடனா? அதிகாரிக்கு எழும் சந்தேகங்கள் இவை. வார்ப்பு எஸ்.ஓ.பி. இவற்றில் ஒன்றையும் தொடாது. கல்லூரியின் புகழைத்தான் பாடும். தாய்நாட்டுப் பற்றைப் பொழிவதும் வேண்டாத வேலை. பின்னாளில் அங்கேயே குடியேறும் எண்ணம் இருப்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது என்று குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு சொல்கிறது. அந்த எண்ணம் இருக்கிறவர் அதை மறைக்கப் பொய் சொன்னால், இல்லாத ஆபத்தைத் தானே தேடிக்கொள்கிறார்.

மறுப்பு வந்தால், 40ஆவது பிரிவின் தடை விழாத வரை, மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் பழைய கடிதத்தையே திரும்ப அனுப்புவது வீண். முதலில் அதிகாரி எழுதிய குறிப்புகளைப் பாருங்கள். 2022 ஜூலை முதல், கனடாவுக்கு வெளியே இருப்பவரும் தம்மைப் பற்றிய கோப்பை அந்நாட்டின் தனியுரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். முடிவு நியாயமற்றது என்று தோன்றினால், வெளிநாட்டில் இருப்பவருக்கு ஃபெடரல் நீதிமன்றத்தை நாட 60 நாள் அவகாசம். அங்கே பொதுவாக அதிகாரியின் முன் இருந்த காகிதங்களை வைத்துத்தான் பரிசீலிப்பார்கள், எஸ்.ஓ.பி.யில் விட்டதைப் பிறகு சேர்ப்பது கடினம்.

காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை தர, பொதுவாகக் கனடாவில் பதிவுபெற்ற வழக்கறிஞராகவோ அந்நாட்டில் குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் 'காலேஜ்' என்ற அமைப்பில் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்த அமைப்பின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். விண்ணப்பத்தில் பிரதிநிதி யார் என்ற படிவத்தை நிரப்பாமல், உங்கள் பெயரிலேயே எல்லாவற்றையும் அனுப்புகிற ஏஜெண்ட், தன்னை மறைத்துக்கொள்கிறார் என்று பொருள். ஏமாற்றப்பட்டால் இந்தியாவில் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஏஜெண்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். அதைவிட முன்னதாக, விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லையும் அனுப்பப்போகும் பக்கங்களின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் முன்பணத்தைக் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.