மூன்று வாரம் சுற்றிய கைப்பிடி

பிரன்ஸ்விகா என்பது மேசைமேல் வைக்கும் கணக்குப்பொறி. எண்களை அமைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கூட்டும். எதிர்ப்புறம் சுற்றினால் கழிக்கும். பெருக்க வேண்டுமென்றால் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டியதுதான். 1951-இல் கேம்பிரிட்ஜில் நரம்பை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லி அதன் முன்தான் உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தில் கணினி இருந்தது. ஆனால் மாற்றங்களுக்காக அது ஆறு மாதம் மூடிக்கிடந்தது. நரம்பில் ஒரே ஒரு மின்துடிப்பு ஓடுவதைக் கணக்கிட்டு முடிக்க அவருக்கு ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்தது. நிஜ நரம்புக்கு அது சில மில்லிவிநாடி வேலை.

அந்த நரம்பு கணவாயுடையது. ஆபத்து என்றால் நீரைப் பீய்ச்சிக்கொண்டு பாய்ந்து தப்பும் உயிரி அது. அந்தப் பாய்ச்சலுக்கான கட்டளையைக் கொண்டுபோகும் இழை அரை மில்லிமீட்டர் தடிமன், கண்ணுக்கே தெரியும். உள்ளே மின்முனையைச் செருகலாம். 1939-இல் பிளிமத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதைச் செய்தார்கள். சில வாரத்தில் போர் மூண்டது, ஆய்வு நின்றது.

போருக்குப் பின் அளந்ததில் கதை தெளிந்தது. இழையின் சவ்வில் முதலில் சோடியத்துக்கு மதகு திறக்கிறது. அயனிகள் உள்ளே பாய, மின்னழுத்தம் எகிறுகிறது. சற்றுப் பிந்திப் பொட்டாசியம் வெளியேறி அதைத் தணிக்கிறது. 1952-இல் இதை நான்கு சமன்பாடுகளில் அடக்கினார்கள். கணக்குப்படி துடிப்பின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர், நிஜ இழையில் அளந்தது 21.2.

இத்தனைக்கும் மதகை யாரும் பார்த்ததில்லை! பொட்டாசியம் மதகு திறக்க நான்கு துகள்கள் ஒருசேர நகர வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்தோ ஆறோ இன்னும் பொருந்தலாம், ஆனால் கூடுதல் சிக்கலுக்கு அது ஈடாகாது என்று அவர்களே எழுதினார்கள். 1998-இல் ராடரிக் மெக்கின்னன் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் மதகைப் படம்பிடித்தபோது அது நான்கு துண்டுகள் கூடியதாகவே இருந்தது. இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு.

ஆனால் ஒற்றை இழையின் கணக்கு நோய்க்குப் போதாது. கைக்குழந்தைகளைத் தாக்கும் டிராவே வலிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணு பழுதாகி, ஒருவகைச் சோடியம் மதகு குறைந்துவிடுகிறது. மதகு குறைந்தால் துடிப்பும் குறைய வேண்டுமே, வலிப்பு ஏன்? 2006-இல் எலிகளில் விடை கிடைத்தது: அடிபடுவது முக்கியமாகப் பிற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்கள். வண்டியில் பிரேக் போய்விட்டது. சோடியம் மதகை அடைக்கும் கார்பமசெபைன் போன்ற வலிப்பு மருந்துகள் இக்குழந்தைகளுக்கு நிலைமையை மோசமாக்குவதும் இதனால்தான்.

எனவே நோயைக் கணக்கிட, எந்த நரம்பணு எதை அடக்குகிறது என்பதும் கணித மாதிரிக்குள் வர வேண்டும். மார்செய்யில் விக்டர் ஜிர்சாவின் குழு வேறு வழியில் போகிறது: நரம்பணுக்களை எண்ணாமல், மூளையைப் பகுதிகளாகப் பிரித்து, நோயாளியின் ஸ்கேனை வைத்து அவற்றை இணைக்கிறது. வலிப்பு கிளம்பும் இடத்தைத் திரையில் தேடி, அங்கேயே வெட்டியும் பார்க்கிறார்கள்.