கொல்லிமலை மிளகுக்கும் கொழும்புக்கும் என்ன சம்பந்தம்? அண்டை நாட்டு ஒப்பந்தம் நம்ம விவசாயியைத் தொடுவது எப்படி?

ராசிபுரத்தில் இருந்து முள்ளுக்குறிச்சி வழியாக கொல்லிமலை ஏறினால், மரங்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மிளகுக் கொடிகளைப் பார்க்கலாம். அறுவடை முடிந்து, காய வைத்து, மூட்டை கட்டியதும் விவசாயி கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு கிலோ என்ன விலை?" என்பதுதான். அந்த விலையில் கொச்சி சந்தைக்கு மட்டும் இல்லை, கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையே போட்ட ஒப்பந்தத்துக்கும் பங்கு இருக்கிறது.

எப்படி என்று பார்க்கலாம்.

என்ன ஒப்பந்தம் அது?

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28-ல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2000 மார்ச் 1-ல் அது அமலுக்கு வந்தது. இதன்படி இலங்கையில் இருந்து ஆண்டுக்கு 2,500 டன் மிளகு, சுங்க வரி இல்லாமல் இந்தியாவுக்குள் வரலாம். அதற்கு மேல் வந்தால், சார்க் நாடுகளுக்கான சாஃப்டா ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீத வரி.

உலகிலேயே அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அந்த நாடு ஆசியான் ஒப்பந்தத்தில் வருகிறது. அங்கிருந்து நேரடியாக வரும் மிளகுக்கு சுமார் 50 சதவீத வரி. எந்த ஒப்பந்தமும் இல்லாத நாடு என்றால் 70 சதவீதம்.

கணக்கு போட்டுப் பார்த்தால்?

வெளிநாட்டு மிளகு இந்தியத் துறைமுகத்தில் கிலோ 400 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி சேர்ந்த பிறகு:

- ஒப்பந்தம் இல்லாத நாடு: 680 ரூபாய்
- வியட்நாம்: சுமார் 600 ரூபாய்
- இலங்கை, 8 சதவீத வரியில்: 432 ரூபாய்
- இலங்கை, வரியில்லா ஒதுக்கீட்டில்: 400 ரூபாய்

ஒரே மிளகுதான். எந்த நாட்டு முத்திரை என்பதைப் பொறுத்து கிலோவுக்கு 150 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. பிரச்சினை ஆரம்பிக்கும் இடமும் இதுதான்.

விவசாயிகள் சொல்லும் புகார் என்ன?

வியட்நாம் மிளகு இலங்கைக்குப் போய், அங்கே "இலங்கை மிளகு" என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு குறைந்த வரியில் இந்தியாவுக்குள் வருகிறது என்பது தென்னிந்திய மிளகு விவசாயிகளின் நீண்ட நாள் புகார். சலுகை வேண்டும் என்றால் மிளகு இலங்கையிலேயே விளைந்திருக்க வேண்டும். ஆனா காய்ந்த மிளகைக் கையில் எடுத்துப் பார்த்து அது எந்த நாட்டுக் கொடியில் காய்த்தது என்று சொல்வது சுலபம் இல்லை.

2016-ல் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு, 2018-ல் 400 ரூபாய் அளவுக்கு இறங்கியது. உலகச் சந்தையிலேயே அப்போது விளைச்சல் அதிகம். அதனால் இறக்குமதி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் விலை விழும் நேரத்தில் வெளியில் இருந்தும் சரக்கு வந்தால், ஒரு ஏக்கர், அரை ஏக்கரில் கொடி வைத்திருப்பவருக்குத் தாங்கும் சக்தி இருக்காது.

அரசு என்ன செய்தது?

2017 டிசம்பரில் மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாக கிலோ 500 ரூபாயை மத்திய அரசு நிர்ணயித்தது. 2018 மார்ச்சில், அதற்குக் குறைவான விலையில் மிளகை இறக்குமதி செய்யவே தடை வந்தது. பதப்படுத்தி மறுபடி ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்குப் பின்னர் விலக்கு தரப்பட்டது.

2020 செப்டம்பர் 21 முதல் இன்னொரு விதியும் வந்தது. வரிச் சலுகை கேட்கும் இறக்குமதியாளர், சான்றிதழை மட்டும் காட்டினால் போதாது. சரக்கு எங்கே, எப்படி உருவானது என்ற விவரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுங்கத் துறை கேட்கும்.

அப்போ ஒப்பந்தமே வேண்டாமா?

அவசரப்பட வேண்டாம். மலையில் இருந்து கீழே இறங்கிப் பாருங்கள். அதே நாமக்கல் மாவட்டம், ஆனா கதை தலைகீழ். நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு வெளிநாட்டுச் சந்தை ஒரு பெரிய ஆறுதல். உள்ளூரில் முட்டை தேங்கினால் விலை சரியும். வெளியே ஏற்ற வழி இருந்தால்தான் பண்ணையாளர் மூச்சு விட முடியும். நாமக்கல் முட்டை போகும் நாடுகளில் மாலத்தீவும் ஒன்று.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு முட்டை தட்டுப்பாடு வந்தபோது, 2023-ல் இலங்கை முட்டை வாங்கியதும் இந்தியாவிடம்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே 18-ல், அரிசி, பால் பவுடர், மருந்துகளோடு தமிழக அரசின் முதல் நிவாரணக் கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்குக் கிளம்பியது.

உறவு கசந்தால் வியாபாரம் நிற்குமா?

இதற்கு நல்ல உதாரணம் மாலத்தீவு. 2023 நவம்பரில் முகமது முய்சு அதிபர் ஆனார். இந்திய ராணுவ வீரர்கள் வெளியேற வேண்டும் என்றார். இரு நாட்டு உறவு கசந்தது. அந்த நேரத்தில்தான், 2024 ஏப்ரல் 5-ல், மாலத்தீவுக்கு 42.75 கோடி முட்டைகளை ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதி தந்தது. அரிசி, வெங்காயம், சர்க்கரை, உருளைக்கிழங்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1981-ல் இந்த ஏற்பாடு தொடங்கியதில் இருந்து அதிகபட்ச அளவு இது என்று இந்தியத் தூதரகம் கூறியது.

அதே ஆண்டு அக்டோபரில் முய்சு டெல்லி வந்து பிரதமர் மோடியைச் சந்தித்தார். முட்டை மட்டும் உறவைச் சரிசெய்துவிடவில்லை. ஆனால் அரசியல் சண்டை சாப்பாட்டுத் தட்டு வரை போகாததால், திரும்பிப் பேச ஒரு கதவு திறந்தே இருந்தது.

கடைசியில் யாருக்கு லாபம்?

ஒரே மாவட்டத்தில் அண்டை நாட்டு உறவால் முட்டைக்குச் சந்தை கிடைக்கிறது, மிளகுக்குப் போட்டி வருகிறது. மிளகை நசுக்கித்தான் முட்டை பிழைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒதுக்கீட்டு அளவு, விளைந்த நாட்டுச் சான்று, குறைந்தபட்ச விலை ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கண்காணித்தால், இலங்கை விவசாயிக்குத் தந்த சலுகை இலங்கை விவசாயிக்கு மட்டும் போய்ச் சேரும்.

அடுத்த முறை "இரு நாட்டு வர்த்தகப் பேச்சுவார்த்தை" என்று செய்தி ஓடினால், சேனலை மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் கவனியுங்கள். அந்த மேசையில் கொல்லிமலை மிளகு மூட்டையும் இருக்கலாம்.