46 நாளும் 60 ஆண்டும்

எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கே சுங்கச் சோதனை முடித்துக் கப்பலில் உட்கார்ந்தால் தலைமன்னார். இறங்கி மறுபடி ரயில் பிடித்தால் கொழும்பு. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது ஆண்டு இந்த வழி நடந்தது. கோஷன், இர்வின் என்ற நீராவிக் கப்பல்களின் பெயரை ராமநாதபுரம் சீமையில் பழைய ஆட்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும், கொழும்பில் கடை வைத்தவர்களும், சேதுவில் நீராட வந்தவர்களும் மிதித்த மண் தனுஷ்கோடி. அவர்களை நம்பி ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று ஓர் ஊர் எழுந்திருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்த பயணி ரயில், நிலையத்தை எட்டும் முன்பே அலைக்கு இரையானது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இனி மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது.

அதே புயல் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, 46 நாளில் அதைச் சீர் செய்தார். பாலத்துக்கு அப்பால் ராமேஸ்வரத்தில் ராமநாதசுவாமி கோயில் இருந்தது, யாத்திரிகர் கூட்டம் காத்திருந்தது. தனுஷ்கோடிக்காகக் காத்திருக்க யாருமில்லை. தண்டவாளம் திரும்பவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறி ஓடியது. 1980-களில் இலங்கைப் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

மீனவர்கள் மட்டும் அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மீன் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். கரைவலை இழுத்தார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் மொண்டார்கள். மின்கம்பம் வராமலே இரண்டு தலைமுறை வளர்ந்தது.

2017-இல் தார்ச்சாலை வந்தது. அதுவரை தனுஷ்கோடிக்கு முன்பே, முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அப்புறம் வேனும் ஜீப்பும் மணலில் தத்தளித்துப் போகும். இப்போது பேருந்து, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை போகிறது. இடிந்த மாதா கோயில் முன்னால் செல்ஃபி, பக்கத்தில் சங்கு மாலை, பொரித்த மீன். மீனவக் குடும்பங்களுக்கும் இதில் நாலு காசு கிடைக்கிறது; அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து ரயிலையும் திறக்கப் பார்த்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர், மதிப்பீடு 208 கோடி ரூபாய். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு ஒப்பவில்லை, திட்டம் நின்றது. 2025 ஜூனில் அங்கே பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. 1964-இல் ரயிலையே விழுங்கிய இடத்தில் மறுபடி ரயில் வேண்டாம் என்பதே என் எண்ணமும். பறவைக்கு இடம் விட்டதும் நல்லதே.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. அறுபது ஆண்டு கழித்து நாம் திறந்திருப்பது பொழுதுபோக்க வருகிறவர்களுக்கான தனுஷ்கோடியை. காற்று கிளம்பும் நாளில் அவர்களை வழியிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். குடிசைக்காரர் எங்கே திரும்புவார்? வாழத் தகாத இடம் என்றால், வலையும் படகும் கைக்கெட்டும் தூரத்தில் அவர்களுக்குப் பத்திரமான மனை தர வேண்டும். வாழலாம் என்றால், மின்சாரமும் குடிநீரும் மருத்துவமும் மற்ற ஊர்களைப் போலவே வந்து சேர வேண்டும். இரண்டில் எதையும் சொல்லாமல் சாலையை மட்டும் போட்டுவிட்டு, ஊரைத் திறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதில் நியாயமில்லை.